இரவு வானின் குரல்களும் பறவையறிஞர் சலீம் அலியும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

வடக்கே கொள்ளிடமும் தெற்கே காவிரியும் ஓட, இடையில் தீவாய்க் கிடக்கிறது எங்கள் திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்களுள் நீருக்குரிய தலம் என்று பெரியோர் இவ்வூரைப் போற்றுவர். நீர் உள்ள இடத்தைப் பறவைகள் தேடி வரும் என்பது அனைவரும் அறிந்ததே. பகலில் வரும் பறவைகளை எல்லோரும் காண்கிறோம். ஆனால் ஊர் உறங்கிய பின்னர், நம் தலைக்கு மேலே இருளில் குரல் கொடுத்தவாறே கடந்து செல்லும் பறவைகளை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நான் கேட்டதுண்டு. என் தந்தையார் கொள்ளிடக் கரை வாழைத் தோட்டங்களில் இரவு நேரத்தில் தண்ணீர் பாய்ச்சும் வேலை செய்பவர். சிறு வயதில் சில இரவுகள் அவருக்குத் துணையாகச் சென்று வரப்பில் அமர்ந்திருப்பேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத வானத்திலிருந்து திடீரென ஒரு சீழ்க்கை ஒலி கேட்கும், சற்றுத் தள்ளி இன்னொன்று பதில் கொடுக்கும், பிறகு அமைதி. அது என்ன என்று கேட்டால், உள்ளான் கூட்டம் போகிறது என்பார் தந்தையார். எந்த உள்ளான், எங்கிருந்து எங்கே போகிறது என்று மேலும் கேட்டால் அவரிடம் விடை இராது. விலங்கியல் படிக்கக் கல்லூரிக்கு வந்த பிறகும் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம்தான் என்னை நூலகத்திற்கு இழுத்துச் சென்றது. அங்கே என் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று காட்டிய ஒரு மனிதரின் வாழ்க்கை கிடைத்தது. அதை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பெயர் தெரியாத ஒரு குருவி

சலீம் மொய்சுதீன் அப்துல் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த அக்குழந்தையை, தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜியும் அவர் துணைவியார் ஹமீதா பேகமும் தம் பிள்ளையாக வளர்த்தனர். மாமா வேட்டையில் நாட்டம் உள்ளவர். மருமகனுக்கு ஒரு சிறு காற்றுத் துப்பாக்கியை வாங்கித் தந்தார். அதைக்கொண்டு சிறுவன் ஒரு நாள் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். எடுத்துப் பார்த்தால் அது வழக்கமான சிட்டுக்குருவி அன்று. அதன் தொண்டையில் மஞ்சள் பூசியதுபோல ஒரு திட்டு இருந்தது.

இது என்ன குருவி? மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்று கேட்டு வருமாறு அவர் அனுப்பிவைத்தார். 1883இல் தொடங்கப்பட்ட அக்கழகத்தின் செயலாளராக அப்போது இருந்தவர் டபிள்யூ. எஸ். மில்லார்டு என்னும் ஆங்கிலேயர். காகிதத்தில் சுற்றிய குருவியுடன் அஞ்சி அஞ்சி உள்ளே நுழைந்த சிறுவனை அவர் அன்புடன் வரவேற்று, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று பெயர் சொன்னார். அத்துடன் நில்லாமல் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த இந்தியப் பறவைகளை எல்லாம் காட்டினார். படிக்க நூல்களும் கொடுத்தார். ஒரு மாபெரும் அறிவியலாளரின் வாழ்வு அந்த ஒரு பிற்பகலில் தொடங்கியது எனலாம். தெரியாததைத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரைத் தேடிச் சென்று கேட்டதுதான் அதன் முதற்படி.

பட்டம் இல்லாத அறிஞர்

படிப்பில் சலீம் அலி சிறந்து விளங்கியவர் அல்லர். தீராத தலைவலி அவரது பள்ளிப் படிப்பைப் பலமுறை குலைத்தது. 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினார். கல்லூரியில் முதலாண்டையே முடிக்க இயலாமல், குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவில் உள்ள தவாய்க்குச் சென்றார். அங்கும் காட்டில் பறவைகளைக் கவனித்தாரேயன்றி வணிகத்தில் மனம் ஒன்றவில்லை. 1917இல் பம்பாய் திரும்பி, வணிகச் சட்டமும் கணக்கியலும் படிக்கச் சேர்ந்தார். அவரது உள்ளம் எங்கிருக்கிறது என்பதை அறிந்த தூய சேவியர் கல்லூரியின் அருட்தந்தை எத்தல்பர்ட் பிளாட்டர், விலங்கியல் படிக்கும்படி தூண்டினார். காலையில் கணக்கு, பிறகு விலங்கியல் என்று இரண்டையும் படித்தார். 1918 டிசம்பரில் தெஹ்மினா பேகத்தை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணி ஒன்று காலியானபோது அவர் விண்ணப்பித்தார். முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் அப்பணி அவருக்குக் கிடைக்கவில்லை. இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். என் குடும்பத்தில் பட்டம் பெறப்போகும் முதல் ஆள் நான். பட்டம் கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று வீட்டில் நம்புகிறார்கள். நானும் நம்பி வந்தேன். ஆனால் இந்தியப் பறவைகளைப் பற்றி அந்நாளில் தணியாத வேட்கையுடன் கற்றுவந்த ஒருவரைப் பட்டம் இல்லை என்று ஒரு கதவு திருப்பி அனுப்பியிருக்கிறது. அப்படியானால் பட்டம் என்பது எதற்குச் சான்று? இந்தக் கேள்வியை இங்கே விட்டுவைத்து மேலே செல்கிறேன்.

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராக மாதம் 350 ரூபாய் ஊதியத்தில் ஒரு வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில், தமக்கு இன்னும் முறையான பயிற்சி வேண்டும் என்று உணர்ந்து, விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லினில் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் அவருக்கு ஆசானாக வாய்த்தார். வடகடலில் உள்ள ஹெலிகோலாந்து தீவின் பறவை நோக்ககத்திலும் சில காலம் கற்றார். இரவில் வலசை செல்லும் பறவைகளுக்குப் பெயர்போன தீவு அது. பறவையின் காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டி அதன் பயணத்தை அறியும் கலையை அவர் பயின்றது அங்கேதான்.

1930இல் நாடு திரும்பியபோது, நிதி இல்லை என்று அவரது வேலை நீக்கப்பட்டிருந்தது. பம்பாயை அடுத்த கடற்கரைச் சிற்றூரான கிஹிமில், மனைவியின் குடும்பத்தாருக்குச் சொந்தமான வீட்டில் குடியேறினார். வேலையற்றவர் என்ன செய்தார்? அருகில் இருந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. நாள்தோறும் அவற்றைப் பார்த்துக் குறிப்பெழுதினார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்தும். பெண் குருவி வந்து ஆராய்ந்து, பிடித்தால் ஏற்கும். ஏற்றபின்தான் ஆண் அதை முழுதாகக் கட்டி முடித்து, வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கும். நம் நாட்டில் தோப்புக்குத் தோப்பு தொங்கும் கூடுகளைப் பற்றிய இந்த உண்மையை உலகுக்குச் சொன்னவர் வேலை இழந்த அம்மனிதரே. பொறுமையும் ஒரு குறிப்பேடும் மட்டுமே அவரிடமிருந்த கருவிகள்.

அதன்பின் அவர் சுதேச சமஸ்தானங்களுக்கு ஒரு திட்டத்தை முன்வைத்தார். தமக்கு ஊதியம் வேண்டாம். பயணச் செலவை மட்டும் ஏற்றால் அந்தந்த நாட்டுப் பறவைகளை ஆராய்ந்து எழுதித் தருவதாகக் கூறினார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று ஆய்வுகள் தொடர்ந்தன. காட்டு முகாம்களில் உடன் தங்கி எல்லாத் தொல்லைகளையும் பகிர்ந்துகொண்ட தெஹ்மினா 1939இல் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலமானார். அத்துயரத்திலிருந்து மீண்டு 1941இல் அவர் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல், சாதாரண மக்களும் பறவைகளை இனங்கண்டு பெயர் சொல்ல வழி செய்தது. அமெரிக்கப் பறவையியலாளர் எஸ். தில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அதில் ஒவ்வொரு பறவைக்கும் நிறம், அளவு, வாழிடம் ஆகியவற்றோடு அதன் குரலுக்கும் தனியிடம் உண்டு.

காலில் ஏறிய வளையம்

1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன. மக்களும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். நோய்க்கிருமி உண்ணிகள் வழியே பரவியது. அது ருஷ்ய நாட்டில் கண்ட ஒரு கிருமிக்கு நெருங்கிய உறவாக இருந்தமையால், வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகள் அதைக் கொண்டு வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. அவ்வாறாயின் எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமே! உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, சலீம் அலியின் தலைமையில், பம்பாய்க் கழகம் பறவைகளுக்கு வளையமிடும் பணியைப் பெரிய அளவில் தொடங்கியது.

அப்பணிக்கு நம் தமிழ்நாடு தந்த களம்தான் கோடியக்கரை. காவிரி டெல்டாவின் தென்கோடியில், ஒருபுறம் வங்கக்கடலும் மறுபுறம் பாக் நீரிணையும் சூழ, உப்பளமும் சேற்று வெளியுமாய்க் கிடக்கும் நிலம் அது. வடக்கிலிருந்து வரும் பறவைகளுக்கு நம் பக்கத்து நிலம் அங்கே முடிந்துபோகிறது. அதனால் ஆயிரமாயிரமாய் அங்கே இறங்குகின்றன. 1967இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நூல் வலைகளில் பறவைகளைப் பிடித்து, எடை பார்த்து, சிறகை அளந்து, அலுமினிய வளையத்தை மாட்டிப் பறக்கவிட்டனர். வளையத்தில் ஓர் எண்ணும், கண்டெடுப்பவர் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். இந்தியாவில் இட்ட வளையங்கள் சோவியத் நாட்டிலிருந்து கடிதங்களாகத் திரும்பி வந்தன. எல்லைகளை அறியாத பறவைக்கு இரு நாட்டார் சேர்ந்து முகவரி எழுதினர்.

இங்கே ஒரு செய்தியை நான் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகிறேன். வலை விரித்துப் பறவைக்குத் தீங்கின்றிப் பிடித்துத் தந்தவர்கள், பீகாரில் பரம்பரையாகப் பறவை பிடித்துப் பிழைத்த மீர்ஷிகார் சமூகத்தினர். பறவையின் குரலைப் போலச் செய்து அதை அருகில் வரவழைக்க அறிந்தவர்கள். பள்ளிப் படிப்பு இல்லாத அம்மக்களின் அறிவைச் சலீம் அலி துணைக்கு அழைத்துக்கொண்டார். பட்டம் இல்லை என்று தாம் ஒரு முறை விலக்கப்பட்டவர், பட்டம் இல்லாதவரின் அறிவை விலக்கவில்லை.

இருளில் ஏன் பயணம்?

வளையம் இரண்டு முனைகளை நமக்குக் காட்டுகிறது: பறவையைப் பிடித்த இடம், மீண்டும் கிடைத்த இடம். இடைப்பட்ட வழியில் அது என்ன செய்கிறது? பல பறவைகள் அவ்வழியை இரவிலேயே கடக்கின்றன. இரவில் காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும்; சிறகடிக்கும் உடல் சூடேறாது; பருந்து, வல்லூறுகளின் தொல்லை குறைவு; பகலில் இறங்கி இரை தேடலாம். வழிகாட்ட விண்மீன்கள் உண்டு. கோளரங்கத்துக்குள் கருநீலக் குருவிகளை வைத்து, அவை விண்மீன்களைக்கொண்டு திசை அறிவதை அமெரிக்காவின் ஸ்டீபன் எம்லன் 1967இல் எடுத்துக்காட்டினார். நம் பக்கத்துக் கரைவெட்டி ஏரிக்கு வரும் வரித்தலை வாத்து, இமயமலையைப் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் தாண்டுகிறது என்று இந்த நூற்றாண்டின் ஆய்வுகள் கூறுகின்றன.

இருளில் பறக்கும்போது கூட்டம் சிதறாமலிருக்கப் பறவைகள் சிறு சிறு குரல் கொடுத்துக்கொள்கின்றன என்பர் அறிஞர். அதைக் கேட்டே எண்ணியவர்கள் உண்டு. 1896 செப்டம்பரில், அதாவது சலீம் அலி பிறப்பதற்கு இரண்டே மாதம் முன்பு, அமெரிக்காவின் மேடிசன் நகரருகே ஒரு குன்றில் அமர்ந்து ஓரின் லிபி என்பவர் ஒரே இரவில் 3,800 குரல்கள் வரை எண்ணினார். 1957இல் கிரேபர், காக்ரன் என்னும் இருவர் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒலிநாடாவில் அக்குரல்களைப் பதியத் தொடங்கினர். பறவைக் குரல் பதிவின் வரலாற்றில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற சிறுவன் மெழுகு உருளையில் பதித்த பறவையின் குரலே இன்று கிடைக்கும் மிகப் பழைய பதிவு. அந்தப் பறவை, கூண்டில் வளர்ந்த நம் நாட்டுச் சோலைபாடி!

மொட்டைமாடியில் ஒரு பாடம்

இவற்றையெல்லாம் படித்தபின் நானும் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பழைய துணியைச் சுற்றி, அதன் நடுவே கைப்பேசியை வானம் நோக்கி வைத்து, மொட்டைமாடியில் இரவு முழுவதும் ஒலியைப் பதிந்தேன். பக்கத்து ஓசைகளை வாளி ஓரளவு தடுக்கும்; மேலிருந்து வருவது மட்டும் தெளிவாகப் பதியும். ஆயினும் நெடுஞ்சாலை லாரிகளும், கொள்ளிடப் பாலத்து இரயிலும், தெரு நாய்களும் விட்டபாடில்லை. பதிவைக் கணினியில் இட்டால், நேரம் இடமிருந்து வலமாகவும் சுருதி கீழிருந்து மேலாகவும் செல்லும் ஒலிப்படமாக அது விரியும். ஒரு குரல் அதில் ஒரு சிறு கீற்றாகத் தெரியும். ஒவ்வோர் இனத்தின் கீற்றுக்கும் ஒரு வடிவம் உண்டு.

இரண்டாம் இரவிலேயே கரகரத்த ஒற்றைக் குரல் ஒன்று கிடைத்தது. இமயத்தைத் தாண்டிவந்த வரித்தலை வாத்தேதான் என்று மகிழ்ந்து வகுப்பு நண்பர்களிடம் பறைசாற்றினேன். என் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சான்று என்ன? என்னிடம் ஆசையைத் தவிர வேறு சான்று இல்லை. அன்றிரவு பதிவைத் தந்தையாருக்குப் போட்டுக் காட்டினேன். முதல் குரலிலேயே சிரித்துவிட்டார். அது வக்கா, புளியமரத்தில் பகலெல்லாம் உறங்கிவிட்டு இரவில் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகும் நம் ஊர் இராக்கொக்கு. பதிவுகளோடு ஒப்பிட்டேன், ஒலிப்படமும் அவர் பக்கமே நின்றது. நூலில் மீர்ஷிகார்களைப் பற்றிப் படித்து வியந்த நான், என் வீட்டில் இருந்தவரை முதலில் கேட்கத் தவறினேன்.

கார்த்திகை மாதத்து மழை ஓய்ந்த ஓர் இரவில், 2 மணி 10 நிமிடத்திற்கு, ஒரே அளவான மூன்று சீழ்க்கைகள் பதிந்தன. வரப்பில் அமர்ந்து நான் கேட்ட அதே குரல்! இம்முறை அவசரப்படவில்லை. தந்தையார் உள்ளான் என்றார். ஒப்பிட்டுப் பார்த்ததில் அது பச்சைக்காலி என்னும் உள்ளான் இனத்தோடு பொருந்தியது, பேராசிரியரும் ஏற்றார். வடக்கே வெகுதொலைவில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்திற்கு நம் நீர்நிலைகளுக்கு வரும் பறவை அது. ஆனால் அன்றிரவு அது தொலைதூரப் பயணத்தில் இருந்ததா, கொள்ளிடத்தின் ஒரு மணல்திட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதா என்பதை அந்த மூன்று சீழ்க்கைகள் சொல்லவில்லை. குறிப்பேட்டில் பெயரை எழுதினேன். பயணம் என்ற இடத்தில் தெரியவில்லை என்று எழுதினேன். அப்படி எழுதியபோது எனக்குத் தாழ்வாகத் தோன்றவில்லை.

நிறைவாக

சலீம் அலிக்கு 1958இல் பத்மபூஷணும் 1976இல் பத்மவிபூஷணும் வழங்கப்பட்டன. பட்டமில்லாத அவரைப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு டாக்டர் பட்டம் தந்து போற்றின. பரத்பூர் பறவை நிலத்தையும் அமைதிப் பள்ளத்தாக்கையும் காக்க அவர் குரல் கொடுத்தார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார்; 1987இல், தமது 90ஆம் வயதில் மறைந்தார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் தோன்றிய பறவையியல் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் குறையற்ற மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆராய்ச்சிக்காக ஏராளமான பறவைகளைச் சுட்டவர் அவர். அக்காலத்தில் பெயர் அறிய வேறு வழி இல்லை என்றே எண்ணினார். ஆனால் அவர் வாழ்நாளிலேயே துப்பாக்கியின் இடத்துக்கு வலையும் வளையமும் வந்தன. அப்படி வரச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். இன்று ஒரு வாளியும் கைப்பேசியும் போதும். பறவையின் ஓர் இறகைக்கூடத் தொடாமல் அதன் பெயரைக் கேட்கலாம். கருவி மாறினாலும் சான்று இன்றிப் பெயர் சொல்லாதே என்ற ஒழுக்கம் மாறவில்லை.

முன்பு விட்டுவைத்த கேள்விக்கு வருகிறேன். பட்டம் எதற்குச் சான்று? நாம் எல்லாம் அறிந்துவிட்டோம் என்பதற்கு அன்று. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லவும், தெரிந்தவர் நூலகத்தில் இருந்தாலும் வாழைத் தோட்டத்தில் இருந்தாலும் தேடிச் சென்று கேட்கவும் பழகியிருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. காகிதத்தில் சுற்றிய குருவியுடன் படியேறிய அச்சிறுவன் நமக்குக் கற்றுத்தரும் பாடம் இதுவே.

நண்பர்களே, வரும் ஐப்பசியில் ஓர் இரவு மொட்டைமாடிக்கு வாருங்கள். விளக்கை அணைத்துவிட்டுச் சற்றுநேரம் பேசாமல் இருங்கள். மேலே யாரோ பெயர் கூறாமல் கடந்து செல்வது கேட்கும்.